இறப்பரும் அரிசியும்: சுதந்திர வர்த்தகத்தின் அறம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வணிகத்தில் அறம் எது என்ற வினா தமிழுக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைச் சிறப்பிக்கும் பட்டினப்பாலை, வாங்குமிடத்தும் விற்குமிடத்தும் நேர்மை தவறாமையை அவர்தம் ஒழுக்கமாகக் காட்டுகின்றது. தராசின் இரு புறத்திலும் முகம் பார்த்து நிற்கும் இருவரை மனத்திற் கொண்டு வகுக்கப்பட்ட அறம் அது. நவீன உலக வர்த்தகத்தை இவ்வளவுகோல் ஒன்றினால் மட்டும் அளந்துவிட இயலாது. இலங்கைத் தேயிலை கொழும்பிலும் இலண்டனிலும் பகிரங்க ஏலத்தில் விற்கப்பட்டு வந்தது. நிறையிற் குறைவில்லை, தரத்திற் பொய்யில்லை, உயர்ந்த விலை கேட்டவருக்கே பொருள் சென்றது. ஆயினும், அத்தேயிலையின் கொழுந்தைப் பறித்த பெண் தலைமுறை தலைமுறையாக லயக் காம்பராவிலேயே வாழ்ந்தாள். ஒருவரையொருவர் ஏமாற்றாத வணிகமும் அநீதியானதாக இருத்தல் கூடுமா? கூடுமெனின், அவ்வநீதி எவ்விடத்தில் உறைகின்றது?

இவ்வினாவுக்கு விடை காண, 1952ஆம் ஆண்டு இலங்கையும் மக்கள் சீனமும் செய்துகொண்ட இறப்பர்-அரிசி உடன்படிக்கையை மையமாகக் கொண்டு சில கருத்துக்களை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வுடன்படிக்கை நமது வெளிநாட்டுக் கொள்கையின் துணிகரமான செயலாகப் பலராலும் போற்றப்பட்டுள்ளது. அப்போற்றுதல் தகுதியானதே. எனினும், அது கற்பிக்கும் பாடம் ஒன்றன்று, இரண்டு. முதலாவது நாடுகளுக்கிடையேயான நீதி பற்றியது. மற்றையது ஒரு நாட்டின் உள்ளேயான நீதி பற்றியது. முதலாவது பாடம் அடிக்கடி நினைவு கூரப்படுகின்றது. இரண்டாவது பெரும்பாலும் மறக்கப்படுகின்றது.

1. கோட்பாடும் அதன் எடுகோள்களும்

சுதந்திர வர்த்தகத்தின் அறநெறி நியாயத்தை மிகத் தெளிவாக நிறுவியவர் டேவிட் றிக்கார்டோ ஆவார். 1817இல் வெளிவந்த அவரது நூலில் இங்கிலாந்தும் போர்த்துக்கலும் துணியையும் வைனையும் பரிமாறுகின்றன. குறித்த அளவு துணியை உற்பத்தி செய்ய ஓராண்டுக்கு இங்கிலாந்தில் 100 பேரும் போர்த்துக்கலில் 90 பேரும் வேண்டும்; குறித்த அளவு வைனுக்கு இங்கிலாந்தில் 120 பேரும் போர்த்துக்கலில் 80 பேரும் வேண்டும். இரு பொருட்களிலும் போர்த்துக்கலே திறன் மிக்கது. அவ்வாறிருந்தும், போர்த்துக்கல் வைனிலும் இங்கிலாந்து துணியிலும் ஈடுபட்டுப் பரிமாறிக்கொண்டால் இரு நாடுகளும் உழைப்பை மிச்சப்படுத்தும் என்பது அவர் காட்டிய முடிவு. வலியோன் மட்டுமன்றி மெலியோனும் வணிகத்தால் நன்மை பெறுவான் என்னும் இம்முடிவு அறிவுக்கு உவப்பானது. அறத்துக்கும் உவப்பானதாகத் தோன்றுவது.

ஆயின், இக்கணக்கின் அடியிலுள்ள எடுகோள்கள் கவனிக்கத்தக்கன. மூலதனம் தன் நாட்டை விட்டு எளிதில் வெளியேறாது என்று றிக்கார்டோ கருதினார். அவ்வியல்பு தளர்வதை அவர் விரும்பவுமில்லை. உழைப்பாளரும் தத்தம் நாட்டிலேயே இருப்பர் என்பது இக்கணக்கில் அடங்கியுள்ளது. கிடைக்கும் நன்மை இரு நாடுகளுக்கும் இடையே எவ்விகிதத்திற் பங்கிடப்படும் என்பதற்கு அவரது எடுத்துக்காட்டில் விடை இல்லை. பரிமாற மறுக்கும் ஆற்றல் இரு சாராருக்கும் உண்டா என்ற வினா எழுப்பப்படவே இல்லை. பரிமாறாவிடினும் இங்கிலாந்து தனக்கு வேண்டிய வைனைக் கூடிய உழைப்புடன் உற்பத்தி செய்துகொள்ளும் என்பதே கணக்கின் தொடக்கநிலை. பரிமாறாவிடின் பட்டினி கிடக்க வேண்டிய ஒரு நாட்டை அக்கணக்கு அறியாது.

2. குடியேற்ற ஆட்சியும் திறந்த சந்தையும்

இலங்கை அத்தகைய நாடாக ஆக்கப்பட்டமை ஒரு வரலாற்று நிகழ்வே. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைகளை அடுத்து 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. 1833இல் கறுவா மீதான அரச ஏகபோகம் நீக்கப்பட்டது. பழைய கட்டுக்கள் அறுந்தன என்ற வகையில் இவை முற்போக்கான நடவடிக்கைகளே. ஆனால், சந்தையைத் திறந்த அதே அரசு 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம், உரிமையை நிறுவ இயலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவையாகக் கொண்டு, அவற்றைக் கோப்பிப் பயிர்ச்செய்கையாளருக்கு விற்றது. நிலம் சந்தைக்கு வந்தமை சந்தையின் இயல்பான செயலால் அன்று. சட்டத்தின் வலிமையால் ஆகும்.

கோப்பியின் எழுச்சியும் கலப்பற்ற சுதந்திர வர்த்தகத்தின் விளைவன்று. 1835இல் பிரித்தானியா தனது இறக்குமதித் தீர்வையில் இலங்கைக் கோப்பியை மேற்கிந்தியக் கோப்பிக்குச் சமமாக்கியது. அச்சலுகையின் நிழலிலேயே இங்கு தோட்டங்கள் பெருகின. பின்னர் அயல்நாட்டுக் கோப்பி மீதான கூடுதல் தீர்வை படிப்படியாகக் குறைக்கப்பட்டமையும், பிரித்தானியாவின் வர்த்தக மந்தமும் சேர்ந்து 1847, 1848 ஆண்டுகளில் இங்கு பெரும் வீழ்ச்சியை உண்டாக்கின. வரியை உயர்த்துவதும் தாழ்த்துவதும் இலண்டனில் முடிவு செய்யப்பட்டன. விளைவு கண்டியின் மலைச்சாரல்களில் உணரப்பட்டது.

றிக்கார்டோவின் இரு எடுகோள்களும் இங்கு தலைகீழாயின. மூலதனம் கடல் கடந்து வந்தது. உழைப்பும் கடல் கடந்து வந்தது. தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து புறப்பட்ட மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப்பாதை வழியே மாத்தளையை நோக்கி நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். தோட்டத்தை அடைந்தோரைக் கங்காணியிடம் பெற்ற கடன் பிணித்தது. அக்கடன் குறித்த துண்டுடன் தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறினான். இத்துண்டு முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பொருள் தடையின்றிச் சென்ற காலத்தில் அதனை விளைவித்தவனுக்குத் தோட்டத்தை விட்டுச் செல்லும் உரிமை இருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் தொடங்கிய தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பிடித்தது. 1876இல் பிறேசிலிலிருந்து கியூ தாவரவியற் பூங்கா வழியாகப் பெறப்பட்ட இறப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடவில் நடப்பட்டன. பயிர் மாறியது, அமைப்பு மாறவில்லை. 1948இல் சுதந்திரம் பெற்றபோது தேயிலை, இறப்பர், தெங்குப் பொருட்கள் ஆகிய மூன்றுமே ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை அளித்தன. உண்ணும் அரிசியிற் பாதிக்கு மேல் பிற நாடுகளிலிருந்து வரவேண்டியிருந்தது.

விலை வீழ்ந்த வேளைகளில் தோட்ட முதலாளிகளே சுதந்திர வர்த்தகக் கோட்பாட்டை ஒதுக்கி வைத்தனர் என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. முதலாம் உலகப் போருக்குப் பின் இறப்பர் விலை சரிந்தபோது, 1922இல் பிரித்தானிய அரசு ஸ்ரீவன்சன் திட்டத்தின் கீழ் மலாயாவினதும் இலங்கையினதும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. ஐக்கிய அமெரிக்காவின் வர்த்தகச் செயலாளராக இருந்த ஹேர்பேட் ஹூவர் அதனைக் கடுமையாக எதிர்த்தார். டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் வெளியே நின்று பயன்பெற்றமையால் 1928இல் அது கைவிடப்பட்டது. ஆயினும் 1933இல் தேயிலைக்கும் 1934இல் இறப்பருக்கும் சர்வதேசக் கட்டுப்பாட்டு உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. விலையைத் தாங்கிப் பிடிப்பது பேரரசுக்கும் கம்பனிகளுக்கும் வேண்டப்பட்டபோது அது நிர்வாகத் திறமை எனப்பட்டது. பின்னாளில் சுதந்திரம் பெற்ற நாடுகள் அதனையே கோரியபோது சந்தையின் இயற்கை விதிக்கு மாறானது எனப்பட்டது.

3. 1952ஆம் ஆண்டின் நெருக்கடி

இரண்டாம் உலகப் போரின் பின்னர் உலக வர்த்தகத்துக்குப் பொதுவிதிகளை வகுக்கும் முயற்சி தொடங்கியது. 1947ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி ஜெனீவாவில் 23 நாடுகள் சுங்கவரி, வர்த்தகம் பற்றிய பொது உடன்படிக்கையை உருவாக்கின. இலங்கை அந்த 23இல் ஒன்று. 1948இல் நிறைவேறிய ஹவானா சாசனம் இதனினும் விரிந்தது. மூலப்பொருட்களின் விலைத் தளம்பலைத் தணிக்கும் உடன்படிக்கைகளுக்கும், வேலைவாய்ப்புக்கும், தொழிலாளர் தராதரங்களுக்கும் அதில் இடமிருந்தது. ஐக்கிய அமெரிக்கா அதனை உறுதி செய்யவில்லை. 1950இன் இறுதியில் ட்றூமன் அரசு அம்முயற்சியைக் கைவிட்டது. இவ்வாறாக, சுங்கவரியைக் குறைக்கும் விதி உயிர் பெற்றது. மூலப்பொருள் விலையைக் காக்கும் விதி பிறக்கும் முன்பே இறந்தது. கைத்தொழிற் பொருட்களை விற்கும் நாடுகளுக்கு முதலாவது போதுமாயிருந்தது. தேயிலையும் இறப்பரும் விற்கும் நாடுகளுக்கு இரண்டாவதே இன்றியமையாததாயிருந்தது.

அதே 1950இல் றாவுல் பிரெபிஷ், ஹான்ஸ் சிங்கர் ஆகிய இருவரும், ஒருவர் மற்றவரைச் சாராது, ஒரே முடிவை வெளியிட்டனர். நீண்டகால நோக்கில், கைத்தொழிற் பொருட்களின் விலையோடு ஒப்பிடுமிடத்து மூலப்பொருட்களின் விலை வீழ்ச்சியுறும் போக்குடையது என்பதே அது. கைத்தொழில் நாடுகளில் உற்பத்தித் திறன் உயரும்போது அதன் பயன் ஊதியமாகவும் இலாபமாகவும் அங்கேயே தங்கிவிடுகின்றது. மூலப்பொருள் நாடுகளில் உற்பத்தித் திறன் உயரும்போது விலை குறைந்து, பயன் வாங்குவோரைச் சென்றடைகின்றது. இக்கருத்தின் புள்ளிவிபர அடிப்படை குறித்துப் பொருளியலாளரிடையே விவாதம் தொடர்ந்து வந்துள்ளது. எனினும், ஒரே ஏலம், ஒரே விலை, ஒரே விதி என்பவற்றின் கீழும் நன்மை ஒரு பக்கமே சாயக்கூடும் என்று அது காட்டியது. பொய்த்தராசு இல்லாத அநீதிக்கு ஒரு விளக்கம் கிடைத்தது.

1950 யூனில் தொடங்கிய கொரியப் போர் இறப்பர் விலையைத் திடீரென உயர்த்தியது. 1951இன் தொடக்கத்தில் உச்சத்தை எட்டிய அவ்விலை 1952இல் அதன் பாதிக்கும் கீழாக வீழ்ந்தது. இதே காலத்தில் அரிசியின் உலக விலை உயர்ந்தது. பணம் கொடுத்தும் அரிசி பெறுதல் அரிதாயிற்று. வெளிநாட்டு நாணய ஒதுக்கு விரைவாகக் கரைந்தது. இறப்பரின் தலையாய கொள்வனவாளரான ஐக்கிய அமெரிக்காவோ போர்க்காலத்தில் அரச நிதியால் நிறுவிய செயற்கை இறப்பர் ஆலைகளை அப்போதும் தன் அரசின் உடைமையாகவே வைத்திருந்தது. அவை தனியாரிடம் விற்கப்பட்டது 1955இலேயே. சுதந்திர வர்த்தகத்தின் முதன்மைக் காவலராக விளங்கிய நாட்டிலேயே இறப்பர்ச் சந்தையின் ஒரு பெரும்பகுதி அரசின் கையில் இருந்தது.

இலங்கையின் இறப்பருக்கு நல்ல விலையும் நம்பத்தகுந்த அரிசி வரவும் வேண்டி ஐக்கிய அமெரிக்காவுடன் நடைபெற்ற பேச்சுக்கள் இலங்கை ஏற்கத்தக்க முடிவைத் தரவில்லை. மறுபுறம், 1951 மே 18ஆம் திகதி ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, மக்கள் சீனத்துக்குப் போர்த்தொடர்புள்ள பொருட்களை அனுப்புவதைத் தடைசெய்யுமாறு நாடுகளைக் கேட்டிருந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் நிறைவேறிய பற்றில் சட்டம், அத்தகைய பொருட்களை அனுப்பும் நாடுகளுக்கு அமெரிக்க உதவி நிறுத்தப்படும் என்றது. இறப்பர் அப்பொருட்களுள் ஒன்று. ஐக்கிய நாடுகளில் இலங்கை 1955 டிசெம்பர் வரை அனுமதிக்கப்படவில்லை. அத்தடை பற்றிய வாக்கெடுப்பில் அதற்கு இடமிருக்கவில்லை. விதி வகுக்கும் அவையில் ஆசனம் தரப்படாத நாடு, அவ்விதியின் சுமையைத் தாங்குமாறு கேட்கப்பட்டது.

4. உடன்படிக்கையும் அதன் பொருளும்

1952 டிசெம்பர் 18ஆம் திகதி, டட்லி சேனநாயக்கவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சராக இருந்த ஆர். ஜி. சேனநாயக்கவின் தலைமையிற் சென்ற குழு பீக்கிங்கில் ஐந்தாண்டு உடன்படிக்கையில் ஒப்பமிட்டது. ஆண்டுதோறும் சீனம் 270,000 மெற்றிக் தொன் அரிசியை வழங்குவது, இலங்கை 50,000 மெற்றிக் தொன் இறப்பரை வழங்குவது என்பன அதன் சாரம். இறப்பருக்குச் சந்தை விலையிலும் உயர்ந்த விலையைச் சீனம் தர உடன்பட்டது. ஐம்பதாயிரம் தொன் என்பது நாட்டின் இறப்பர் உற்பத்தியில் ஏறத்தாழ அரைப்பங்கு. இரு நாடுகளுக்கும் இடையே முறையான இராசதந்திர உறவு ஏற்பட்டது 1957இலேயே என்பதும், ஒப்பமிட்ட ஐக்கிய தேசியக் கட்சி அரசு பொதுவுடைமைக்கு வெளிப்படையான பகைமை பூண்டது என்பதும் நினைவு கொள்ளத்தக்கன. கொள்கை உறவு இவ்வுடன்படிக்கையைப் பிறப்பிக்கவில்லை, தேவையே பிறப்பித்தது. மாறிமாறி வந்த அரசுகளின் கீழ் அது புதுப்பிக்கப்பட்டு, முப்பது ஆண்டுகள் நீடித்தது.

இதனை நட்பின் கொடையாகச் சித்திரிப்போர் உளர்; தடையை மீறிய சந்தர்ப்பவாதமாக இகழ்ந்தோரும் இருந்தனர். இரண்டும் உண்மையின் ஒரு பாதியையே காண்கின்றன. தடைக்குள்ளான சீனத்துக்கு இறப்பர் வேறு எளிதான வழியிற் கிட்டவில்லை. இலங்கைக்கு அரிசி கிட்டவில்லை. ஒருவர் இன்றி மற்றவரால் இயலாத நிலை இரு பக்கத்திலும் ஒத்திருந்தமையாலேயே விலை நீதியை நெருங்கியது. பின்னர் தேவையின் சமநிலை மாறியபோது நிபந்தனைகளும் மாறின. 1957இல் செய்யப்பட்ட புதிய உடன்படிக்கையில் மேலதிக விலை கைவிடப்பட்டு, அதற்குப் பதிலாக இறப்பர்த் துறையைப் புனரமைப்பதற்கான உதவி இடம்பெற்றது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? நீதியான விலை வாங்குபவரின் இரக்கத்திலிருந்து பிறப்பதன்று. தடையற்ற போட்டியிலிருந்து தானாகப் பிறப்பதுமன்று. மறுப்பதற்கும், வேறிடம் செல்வதற்கும், காத்திருப்பதற்கும் விற்பவருக்குள்ள ஆற்றலிலிருந்தே அது பிறக்கின்றது. ‘சுதந்திர வர்த்தகம்’ என்னுந் தொடரில் சுதந்திரம் என்ற அடைமொழி பொருட்களின் போக்குவரத்தையே குறித்து வந்துள்ளது. அது பரிமாறும் மக்களைக் குறிக்க வேண்டுமாயின், வேண்டாம் என்று சொல்லும் ஆற்றல் இரு சாராருக்கும் இருத்தல் வேண்டும். நாளைய அரிசிக்காக இன்றைய இறப்பரை எவ்விலைக்கும் விற்றாக வேண்டிய நாடு, அதன் துறைமுகம் எவ்வளவு திறந்திருந்தாலும், சுதந்திரமாக வணிகம் செய்யும் நாடன்று.

5. நாட்டின் உள்ளே

உடன்படிக்கை பற்றிய எழுத்துக்கள் பலவும் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றன. ஆனால், பீக்கிங்கில் பெற்ற விலை இலங்கையில் எவரிடம் சென்றது என்று கேட்க வேண்டும்.

மேலதிக விலையினால் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் சிறு இறப்பர்க் காணியாளர் பயன்பெற்றனர். 1953இல் தொடங்கிய இறப்பர் மீள்நடுகை உதவித் திட்டத்தினால் முதிர்ந்த மரங்கள் அகற்றப்பட்டுப் புதிய இனங்கள் நடப்பட்டன. இவை மெய்யான நன்மைகள். எனினும், அதிகாலையில் மரத்துக்கு மரம் சென்று பால்வெட்டிய தொழிலாளி குறித்து அவ்வரசுகளிடை உடன்படிக்கை எதுவும் கூறவில்லை. நாடு என்ற ஒரு சொல்லின் கீழ் தோட்டக் கம்பனியும், சிறுகாணியாளரும், ஏற்றுமதி வணிகரும், கூலியாளரும் ஒன்றாகக் கணிக்கப்பட்டனர்.

இத்தொழிலாளருள் சிங்கள மக்களும் பெருந்தொகையினர். இந்திய வம்சாவளித் தமிழர் நிலை மேலும் ஒரு படி தாழ்ந்திருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் அவர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. 1952 மேயில் நடந்த தேர்தலில் அவற்றுள் ஒன்றேனும் அதற்கில்லை. அவ்வாண்டு ஏப்பிரலில் அவர்கள் தொடங்கிய சத்தியாக்கிரகம் சட்டத்தை மாற்றவில்லை. உலக அவையில் தனக்கு வாக்கில்லாமலே விதிக்கப்பட்ட தடையை ஏற்க மறுத்த அரசு, அதே ஆண்டில், தன் ஏற்றுமதிப் பொருளாதாரத்தைத் தோளிற் சுமந்த மக்களுக்கு வாக்கில்லாமலே ஆட்சி புரிந்தது. இம்முரண்பாட்டை அக்காலத்தில் எடுத்துரைத்தோர் இடதுசாரிகளுள்ளும் தமிழ்த் தலைவர்களுள்ளும் சிலரே.

அரிசியைப் பொறுத்தும் இவ்வாறே. உடன்படிக்கையின் கீழ் அரிசி வரத் தொடங்கி ஓராண்டும் நிறைவுறாத நிலையில், 1953 யூலையில் அரசு உணவு மானியத்தைக் குறைத்து, கூப்பன் அரிசியின் விலையைக் கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஹர்த்தால் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிற் கூடியது. ஒக்ரோபரில் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். வெளிநாட்டிடம் நீதியான விலையைக் கோரி வென்ற அரசு, தன் மக்களிடம் அதே வினாவுக்கு விடையளிக்க இயலாது வீழ்ந்தது. தெருவில் இறங்கியோருக்கு வாக்குரிமையும் இருந்தமையால் அரசு அசைந்தது. வாக்குரிமையற்ற தோட்ட மக்களின் குரலுக்கு அது அசையவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின் இன்னொரு உடன்படிக்கை செய்யப்பட்டது. 1964 ஒக்ரோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் 975,000 மக்களைக் குறித்து உடன்பட்டனர். 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்க்கப்படுவர். 1974இல் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தொன் கணக்கில் அரிசியும் இறப்பரும் எழுதப்பட்ட அதே நடையில் மனிதர் எழுதப்பட்டனர். அவர்களின் விருப்பம் முதற்கண் கேட்கப்படவில்லை. 1973, 1974 ஆண்டுகளில் உலகச் சந்தையில் எண்ணெய், கோதுமை, சீனி ஆகியவற்றின் விலை ஏறி உணவுப் பங்கீடு சுருங்கியபோது பசி முதலில் தாக்கியதும் தோட்டங்களையே. 1974இல் அங்கு இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. உலக விலையின் அதிர்ச்சி எந்நாட்டையும் சமமாகத் தாக்குவதில்லை. மறுக்க வலுவற்றோரைத் தேடிச் சென்று தங்குவது அதன் இயல்பு.

6. உலக அரங்கில் விலைநீதி

தனியொரு நாட்டின் தற்செயலான வாய்ப்பாக 1952இல் அமைந்ததனை உலகுக்குப் பொதுவான விதியாக்கும் முயற்சி 1964இல் உருப்பெற்றது. ஜெனீவாவிற் கூடிய ஐக்கிய நாடுகள் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டின் (அங்டாட்) முதற் செயலாளர் நாயகமாகப் பிரெபிஷ் விளங்கினார். அங்கு ஒன்றிணைந்த 77 நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1974 மே மாதத்தில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை புதிய சர்வதேசப் பொருளாதார ஒழுங்கு பற்றிய பிரகடனத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டில் இலங்கைப் பொருளியலாளர் காமினி கொரயா அங்டாட்டின் செயலாளர் நாயகமாகி, 1984 வரை அப்பதவியில் இருந்தார். 1976இல் நைரோபியில் ஏற்கப்பட்ட ஒருங்கிணைந்த பண்டத் திட்டம், தேயிலையும் இறப்பரும் உள்ளிட்ட 18 பண்டங்களுக்குப் பொதுநிதியொன்றின் துணையுடன் விலைத்தாங்கலை ஏற்படுத்த முனைந்தது.

விளைவு முயற்சிக்கு ஒப்பாக அமையவில்லை. பொதுநிதிக்கான உடன்படிக்கை 1980இல் ஏற்கப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 1989இல். அதற்குள் அதனை வேண்டிய அரசியல் வலிமை கடன் சுமையினால் கரைந்துவிட்டது. இறப்பருக்கு 1979இல் உடன்படிக்கை ஏற்பட்டு, சேமிப்பிருப்பு முறையில் இருபது ஆண்டுகள் இயங்கியது. தேயிலைக்கு அத்தகைய உடன்படிக்கை கைகூடவே இல்லை. இதற்கு வாங்கும் நாடுகளை மட்டும் பொறுப்பாக்குதல் பொருந்தாது. இந்தியாவும் இலங்கையும் கிழக்காபிரிக்க நாடுகளும் சந்தைப் பங்குக்காகத் தம்முள் போட்டியிட்டன. 1933இல் பேரரசின் கம்பனிகள் தமக்குள் எட்டிய உடன்பாட்டை, சுதந்திரம் பெற்ற நாடுகளால் எட்ட முடியவில்லை.

1977இல் இலங்கை திறந்த பொருளாதாரத்தை மேற்கொண்டது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் நிறுவப்பட்டது. அதன் ஆடைத் தொழிற்சாலைகளை நிரப்பிய இளம் பெண்கள் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்தோர். அங்கும் சந்தை சுதந்திரமானதாக இருக்கவில்லை. 1974 முதல் 2004 வரை செல்வந்த நாடுகள் வளரும் நாடுகளின் புடைவைகளுக்குப் பங்கு வரம்பு விதித்திருந்தன. அவ்வரம்பினால் பிற நாடுகளில் தடைப்பட்ட முதலீடு இங்கு வந்தமையால் இலங்கை ஓரளவு நன்மையும் பெற்றது என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை இடைநிறுத்தியது. 2025 ஏப்பிரலில் ஐக்கிய அமெரிக்கா இலங்கைப் பொருட்கள் மீது 44 வீதத் தீர்வையை அறிவித்தது. பின்னர் அதனை 20 வீதமாகக் குறைத்தது. 1947இல் பொதுவிதிகளுக்கு ஒப்பமிட்ட ஒரு நாட்டின் மீது, அவ்விதிகளை ஆக்கியதில் முன்னின்ற நாடே தன் விருப்பப்படி வரியை ஏற்றி இறக்கியது. இலங்கைக்கு எஞ்சியது பேச்சுக்குச் செல்வது மட்டுமே.

7. முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, சுதந்திர வர்த்தகமா காப்புவரியா என்ற விவாதம் அறத்தின் மையத்தைத் தொடுவதில்லை என்பது புலனாகும். காப்புவரியின் மறைவில் உள்நாட்டு ஏகபோகம் கொழுத்ததையும், திறந்த சந்தையினால் ஏழையின் வீட்டுக்கு மலிந்த பொருள் வந்ததையும் வரலாறு காட்டுகின்றது. வர்த்தக ஒழுங்கொன்றை மதிப்பிடுவோர் வேறு மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அதில் நலிந்த சாராருக்கு மறுக்கும் ஆற்றல் உண்டா? விலை சரியும்போது இழப்பு எவர் தலையில் வீழ்கின்றது? விலை உயரும்போது பயன், பொருளை விளைவித்த கையைச் சென்றடைகின்றதா?

1952ஆம் ஆண்டின் உடன்படிக்கையை இவ்வினாக்களால் அளப்போமாயின், முதலாவதற்கு அது துணிவான விடையளித்தது. இரண்டாவதற்கு ஐந்தாண்டுகளுக்கேனும் ஓரளவு விடையளித்தது. மூன்றாவதை அது கேட்கவேயில்லை. அவ்வுடன்படிக்கையைப் பெருமையுடன் நினைவுகூரும் நாம், வல்லரசுகளிடம் நீதி கேட்கும் உரிமையை அதிலிருந்து பெறுகின்றோம். அதே நீதியைக் கேட்கும் உரிமை லயத்தில் வாழ்பவருக்கும், வலயத்தில் தைப்பவருக்கும், வயலில் விளைவிப்பவருக்கும் நம் மீது உண்டு. அவர்களுக்கு நாம் கூறும் விடையே, உலகிடம் நாம் எழுப்பும் கோரிக்கையின் நேர்மைக்குச் சான்றாக அமையும்.